அம்மாவைப் படம் எடுக்கப் போறீங்களா? 50 வயசுக்கு மேல ஃபிலிம் படிக்க வந்தவங்களுக்கு

51 வயசுல ஃபிலிம் டிப்ளமோ சேர்ந்தேன். முதல் வருஷ ப்ராஜெக்ட் 10 நிமிஷ பர்சனல் டாக்குமென்டரி. எங்க அம்மா தென்காசி பக்கம் ஒரு கிராமத்துல பீடி சுத்துறவங்க, அந்தக் காசுலதான் நான் படிச்சதே, அதனால யாரைப் பத்தி எடுக்கறதுன்னு யோசிக்கவே இல்ல. எடுத்து முடிக்க எட்டு மாசம் ஆச்சு. அதுல கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. ‘அம்மாவின் வாழ்க்கை’ன்னு எழுதி வச்சா எங்க கேமராவ வைக்கறதுன்னே தெரியாது. உங்களுக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியா எழுதுங்க. என்னோடது: 74 வயசுல, பிள்ளைங்க எல்லாம் சம்பாதிக்கும்போது, அம்மா ஏன் இன்னும் சுளவ (பீடி சுத்த மடியில வச்சுக்கிற முறம்) கீழ வைக்க மாட்டேங்கறாங்க?

அப்புறம் சம்மதம். முதல் ரெண்டு தடவ ஊருக்குப் போனப்ப கேமராவ பையிலேருந்து எடுக்கவே இல்ல, சும்மா பக்கத்துல உக்காந்து இலை வெட்டிக் கொடுத்தேன். “இதுல என்னட்டி இருக்கு படம் புடிக்க?”ன்னு அம்மாவே கேட்டப்பதான் பேச்ச எடுத்தேன். வகுப்புல காட்டலாமா, விழாவுக்கு அனுப்பலாமா, யூடியூப்ல போடலாமான்னு மூணையும் தனித்தனியா கேளுங்க. முதல் ரெண்டுக்கு உடனே சரின்னாங்க, யூடியூபுக்கு “அண்ணன்ட்ட கேளு”ன்னாங்க. உங்க முகம்மா, நீங்கதான் சொல்லணும்னேன். நாலு நாள் யோசிச்சு வேண்டாம்னு சொன்னாங்க. அதனால போடல. பக்கத்துல உக்காந்து சுத்துற அக்காங்ககிட்டயும் இதே மாதிரி ஒவ்வொருத்தரா கேக்கணும், பெத்த தாய்தானேன்னு அம்மாகிட்ட கேக்காம விட்டுறவும் கூடாது.

கேமரா போன் போதும். செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 செகண்ட் வச்சுக்குங்க. நம்ம ஊரு கரன்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால ஷட்டர் ஏடாகூடமா இருந்தா டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையா ஓடும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறத்தோட சாயல்) ரெண்டையும் நடுவுல மாறாம லாக் பண்ணிடுங்க. போன ஏரோப்ளேன் மோட்ல போடுங்க.

சவுண்ட்தான் நிஜமான வேலை. படம் கொஞ்சம் ஆடினாக்கூட பாத்துடுவாங்க, பேச்சு கேக்கலைன்னா எழுந்து போயிடுவாங்க. சட்டையில மாட்டுற மைக்க வாயிலேருந்து ஒரு சாண் கீழ, சேலை உரசாத இடத்துல மாட்டுங்க. பேசும்போது சவுண்ட் மீட்டர்ல ரெக்கார்டிங் லெவல் மைனஸ் 12 டெசிபெல்ல நின்னா போதும். எங்க வீட்ல பிரச்சனை ரேடியோ, பின்னாடி பாட்டு ஓடினா எடிட்ல வெட்டும்போது பாட்டும் துண்டு துண்டா வெட்டுப்படும், காப்பிரைட் தொல்லை வேற. ஆனா ரேடியோ இல்லைன்னா அம்மாவுக்கு கை ஓடாது. அதனால பேசும்போது மட்டும் நிறுத்தச் சொன்னேன், சுத்தும்போது ரேடியோவோடயே எடுத்துட்டு கத்தரிச் சத்தம், ஈரச் சாக்குலேருந்து இலைய உருவுற சத்தம் எல்லாத்தையும் சாயங்காலம் தனியா ரெக்கார்ட் பண்ணிச் சேத்தேன். ஒவ்வொரு ரூம்லயும் யாரும் பேசாத ஒரு நிமிஷ அமைதியையும் பதிவு பண்ணிக்குங்க, வெட்டின இடங்கள ஒட்டறதுக்கு அதுதான் பசை.

கேள்வி கேக்கறது. “உங்க வாழ்க்கைய சொல்லுங்கம்மா”ன்னா “என்ன சொல்ல, கஷ்டப்பட்டேன்”னு முடிச்சுடுவாங்க. பொருளக் கைல கொடுத்து கேளுங்க. இலைய வச்சு வெட்டுற இரும்புத் தகடு ஓரமெல்லாம் தேஞ்சு கிடந்துச்சு, “இது எப்ப வாங்கினதும்மா?”ன்னு கேட்டேன், 20 நிமிஷம் பேசினாங்க. பதில் முடிஞ்சதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்படி எண்ணிக்கிட்டு இருந்தப்பதான், கையில இருந்த பீடியில நூலக் கட்டிக்கிட்டே, “ஒங்கப்பா செத்து மூணாம் நாளே உக்காந்துட்டேன். ஒனக்கு பரீட்ச ஃபீஸு கட்டணும்லா”ன்னாங்க. எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது. என்னை அறியாம “அம்மா”ன்னு சொல்லிட்டேன், அது அவங்க குரல் மேல விழுந்துடுச்சு. எடிட்ல எடுக்கச் சொல்லி ரெண்டு பேர் சொன்னாங்க. நான் எடுக்கல, மகள் எடுக்கற படத்துல மகளோட குரல் இருக்கலாம்.

கை வேலைய எடுக்கறப்ப இலை நறுக்குறது, தூள் வைக்கறது, சுருட்டுறது, நூல் கட்டுறது, தலைய மடக்குறதுன்னு ஒவ்வொண்ணையும் தூரத்துல, நடுவுல, கிட்டத்துலன்னு மூணு தடவ எடுங்க. ஒவ்வொரு ஷாட்டும் 20 செகண்ட் ஆடாம நிக்கட்டும்.

பழைய ஃபோட்டோ இருந்தா ஜன்னல் ஓரத்துல தட்டையா வச்சு ஃப்ளாஷ் இல்லாம எடுங்க. அம்மா இளவயசுல எடுத்த ஃபோட்டோன்னு இருந்தது பீடித் தொழிலாளர் அடையாள அட்டையில ஒட்டியிருந்தது ஒண்ணுதான்.

அன்னன்னிக்கே ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி. மறக்காதீங்க.

எடிட்டிங் கம்ப்யூட்டர்ல தொடங்காதீங்க. என்கிட்ட 9 மணி நேரம் ஃபுட்டேஜ். பேசினதெல்லாம் டைப் பண்ணி, பிரிண்ட் போட்டு, கத்தரியால வெட்டி சுவத்துல ஒட்டி ஒட்டி மாத்தினேன், சுவத்துல படம் நின்னதுக்கு அப்புறம்தான் டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர திறந்தேன், இலவச வெர்ஷனே தாராளம்.

முதல் கட் ரெடியானதும் வகுப்புக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டுங்க. அம்மா அசையாம பாத்தாங்க, அப்பா பத்தி வர்ற இடத்துலயும் ஒண்ணும் சொல்லல. முடிஞ்சதும் திரும்ப ஓட்டச் சொல்லி ஒரு இடத்துல நிறுத்தச் சொன்னாங்க. “அந்தப் பீடிக்கு தல சரியா மடங்கலட்டி. அத எடுத்துட்டு வேற போடு.” மறுநாள் காலையில அவங்க திரும்பச் சுத்தினாங்க, நான் திரும்ப எடுத்தேன். இப்ப படத்துல இருக்கறது அந்த ஷாட்.