போரில் பிடித்த ஊரை அன்றே இணைக்காதீர்கள்: சிவிலைசேஷன் 5இல் மக்கள் மகிழ்ச்சி

மே மாத விடுமுறை முழுக்க அக்கா மகன் எங்கள் திருநகர் வீட்டில்தான் இருக்கிறான். வெயில் இறங்கும்வரை மாடியறையில் கூட்டாளிகளோடு சிவிலைசேஷன் 5 ஆடுகிறான்; ஊர்கள் வைத்துப் பேரரசு வளர்க்கும் கணினி விளையாட்டு அது. பத்து வருஷத்துக்கு முன்பு நான் சறுக்கிய அதே இடங்களில் இவர்கள் நாலு பேரும் சறுக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கம் சேர்த்து, வழக்கமான அளவு வரைபடத்தில் ஆடுகிறவர்களுக்கான கணக்கு இது. கீழே தலைப்பு ஒவ்வொன்றும் ஒரு சறுக்கல்.

மகிழ்ச்சி இங்கே ஊருக்கு ஊர் தனியாகக் கிடையாது. பேரரசு முழுவதற்கும் ஒரே உலைதான். ஒரு நகரத்துக்கு 3 கழியும். அதன் மக்கள்தொகையில் ஒவ்வொன்றுக்கும் 1 கழியும். பட்டு, தந்தம், ஒயின் மாதிரி ஒரு லக்சரி பொருள் (ஆடம்பரப் பொருள்) கிடைத்தால் 4 கூடும்.

நம்ம நாடு என்று இந்தியாவை எடுத்து, ஊர் ஊராகப் பரப்புவது

பசங்க எல்லோரும் முதலில் எடுப்பது இந்தியாவைத்தான். எடுக்கட்டும். ஆனால் ஆட்டத்தில் காந்தி தலைவராக வரும் இந்தியாவுக்கு நகர எண்ணிக்கையால் வரும் அதிருப்தி இரண்டு மடங்கு, மக்கள்தொகையால் வருவது பாதி. புது ஊர் வைத்த அன்றே 6 போய்விடும். ஊரின் மக்கள்தொகை 6ஐத் தாண்டிய பிறகுதான் மற்ற நாடுகளைவிட லாபம். குறைவான ஊர்களை வைத்து, அவற்றைப் பெரிதாக வளருங்கள்.

ஒரே லக்சரியை இரண்டாகச் சேர்ப்பது

இரண்டாவது பட்டுக்கு ஒன்றும் கூடாது. அதை வேறு நாட்டிடம் கொடுத்து, உங்களிடம் இல்லாத லக்சரியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

போரில் பிடித்த ஊரை அன்றே அனெக்ஸ் செய்வது (சொந்த ஊராக இணைப்பது)

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ரோமை வைத்து ஆடினேன். மகிழ்ச்சி 9 இருந்தது. தாராளம் என்று நினைத்து, பக்கத்து நாட்டின் மேல் போர் அறிவித்தேன். எனக்குப் பட்டு கொடுத்துக்கொண்டிருந்ததே அந்த நாடுதான். போர் வந்தால் ஒப்பந்தம் முறியும் என்பதை யோசிக்கவில்லை. ஒரு அம்பு விடுவதற்குள் 9, 5 ஆனது.

அப்புறம் ஊர் ஒன்றைப் பிடித்தேன். பிடித்த பிறகு அதன் மக்கள்தொகை 6. அனெக்ஸ் செய்தேன். அப்படி இணைத்த ஊர், நீதிமன்றம் கட்டும்வரை ஆக்கிரமித்த ஊர்தான். அதற்கு 3 இல்லை, 5 கழியும். ஆளுக்கு 1 இல்லை, 1.34. மொத்தம் 13. மைனஸ் 8 ஆனது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். அடுத்து அதே அளவில் இன்னொரு ஊரைப் பிடித்து அதையும் இணைத்தேன். மைனஸ் 21.

மைனஸுக்குப் போனாலே ஊர்களின் வளர்ச்சி கால்வாசியாகும், படையின் பலமும் குறையும். மைனஸ் 10இல் வளர்ச்சி அடியோடு நிற்கும். 20ஐத் தாண்டிய எனக்குத் தலைநகரின் வயலருகிலேயே கலகக்காரர்கள் முளைத்தார்கள். படை முழுக்க எல்லையில் நிற்கிறது. உடனே நீதிமன்றம் கட்டலாமென்றால், பிடிபட்ட மக்களின் எதிர்ப்பு அடங்கும்வரை அந்த ஊரில் எதையும் கட்டவும் முடியாது, வாங்கவும் முடியாது. மூன்று ராத்திரி உட்கார்ந்து வளர்த்த ஆட்டம் அதோடு போயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பப்பெட் ஆக்குங்கள், அதாவது உங்களுக்குக் கீழே தானாக நடக்கும் பொம்மை ஊராக விடுங்கள். சாதாரண ஊரின் கணக்கே அதற்கும். எதிர்ப்பு அடங்கட்டும், கையில் பொன் சேரட்டும். பிறகு அனெக்ஸ் செய்து, அதே டர்னில் (ஆட்டத்தின் அதே சுற்றில்) நீதிமன்றத்தை விலைக்கு வாங்கிவிடுங்கள். பராமரிப்புக்கு டர்னுக்கு 4 பொன் ஆகும், கொடுக்கலாம். தேவையே இல்லாத ஊர் என்றால் அழித்துவிடுங்கள். அழியும்வரை அதன் கோபமும் கணக்கில் இருக்கும், ஆனால் டர்னுக்கு டர்ன் குறையும்.

குட்டி ஊரில் கொலோசியம் (மகிழ்ச்சி தரும் கட்டடம்) கட்டுவது

கட்டடங்கள் தரும் மகிழ்ச்சி அந்த ஊரின் மக்கள்தொகையைத் தாண்டாது. ஊர் வளரட்டும்.

30 டர்னை மறப்பது

லக்சரி ஒப்பந்தம் 30 டர்னில் முடியும். குறித்து வையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒரு ஊரைச் சுற்றி வளைத்திருந்தான். பிடித்த பிறகு அதில் மக்கள்தொகை 5 மிஞ்சும். இன்னும் ஒரே அடி. கையை எடுத்துவிட்டு, "மாமா, மகிழ்ச்சி 7தான் இருக்கு. பப்பெட் ஆக்கினாலும் 8 போயிருமே?" என்றான். போரில் இல்லாத இன்னொரு நாட்டிடம் உபரித் தந்தத்தைக் கொடுத்து ஒயின் வாங்கினான். ஊரை எடுத்த பிறகும் 3 மிச்சம் இருந்தது.