பட்டாளத்துத் தாத்தாவைத் தேடும்போது எங்கெல்லாம் வழுக்குகிறோம்

"கொள்ளுத்தாத்தா பேர் முத்தையா, ரெண்டாம் உலகப்போரில் பர்மா போனவர் திரும்பவே இல்லை, இணையத்தில் தேடினால் கிடைப்பாரா?" பெரும்பாலும் கேள்வி இப்படித்தான் வரும். கிடைப்பார். ஒருவர் இல்லை, பத்துப் பதினைந்து முத்தையாக்கள் கிடைப்பார்கள். அதில் ஊர் கொஞ்சம் ஒத்துப்போகிற ஒருவரைப் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, எல்லாரும் கும்பிடு போட்டு முடித்த பிறகு, மூலையிலிருந்து ஒரு அத்தை "அவங்கப்பா பேரு அது இல்லையே" என்பார். பெயர் பொருந்தினால் ஆளும் அவர்தான் என்று நம்புவதுதான் இதில் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

நம் வழக்கத்தில் பேரன் என்றாலே தாத்தாவின் பெயரைக் கொண்டவன். முத்தையா மகன் கருப்பையா, அவர் மகன் முத்தையா, அவர் மகன் மறுபடியும் கருப்பையா. பழைய பத்திரத்தில் 'மு. கருப்பையா' என்று இருந்தால் அது உங்கள் தாத்தாவா, தாத்தாவுக்குத் தாத்தாவா என்று இனிஷியல் சொல்லாது, இருவருக்கும் அதே 'மு' தான். இதில் தமிழ் வருஷம் வேறு சேர்ந்துகொள்ளும். சித்திரபானு என்று எழுதியிருந்தால் அது 1942-43 ஆகவும் இருக்கலாம், 1882-83 ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் சுற்று 60 ஆண்டு. தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அதேதான். ஆக பெயர், இனிஷியல், வருஷம் மூன்றும் பொருந்தி, ஆள் மட்டும் தப்பாக இருப்பார்! முத்திரைத்தாளில் இருக்கும் தலை விக்டோரியா ராணியா (அப்படியானால் 1882) ஆறாம் ஜார்ஜ் மன்னரா (அப்படியானால் 1942) என்று பாருங்கள், ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

தேதியை மாற்றும்போது இன்னொரு வழுக்கல் இருக்கிறது. சித்திரபானு என்றால் 1942 என்று எழுதிவைத்துக்கொண்டு அந்த வருஷத்துத் தை மாதத்தையும் 1942-லேயே போடுகிறார்கள். சித்திரையில் பிறக்கும் வருஷத்துக்குத் தை, மாசி எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் வரும், அதாவது 1943. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த 1942 பிப்ரவரி 15 தமிழ்க் கணக்கில் சித்திரபானுவே இல்லை, அதற்கு முந்தைய விஷு வருஷத்து மாசி. நெல்லை, குமரிப் பக்கத்து ஆவணம் என்றால் கொல்லம் ஆண்டு (ஆவணியில் தொடங்கும் மலையாளக் கணக்கு) இருக்கும். 1118 என்று பார்த்ததும் சோழர் காலத்துக் குடும்பம் என்று புல்லரித்துவிட வேண்டாம், 824 கூட்டினால் 1942, தை முதல் ஆடி வரையுள்ள மாதங்களுக்கு 1943.

சரி, பெரியவர்களிடம் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். "எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் அவர் ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்வார், நாம் கேட்டுவிட்டோமே என்பதற்காக. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸைக் காலி செய்த சமயமா (அது 1942 ஏப்ரல்), அதற்கு முன்னாலா பின்னாலா, அப்போது யார் கைக்குழந்தை, யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்று கேட்டால் வரும் பதில் வேறு தரம். உறவுமுறைச் சொல்லையும் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. "பட்டாளத்துக்குப் போன தாத்தா" அப்பாவைப் பெற்றவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அவருடைய தம்பியாகவோ பங்காளி வீட்டுப் பெரியவராகவோ இருந்தாலும் நமக்குத் தாத்தாதான். சித்தப்பா, பெரியப்பா என்பதும் அப்படியே, அப்பாவின் உடன்பிறந்தவர் முதல் ஒன்றுவிட்டவர், ரெண்டுவிட்டவர் வரை போகும். யாருக்கு யார் பிள்ளை, எந்தத் தாய் வயிற்றுப் பிள்ளை என்று ஒவ்வொரு படியாகக் கேட்டால்தான் கோடு சரியாக விழும். மாமன் மகளைக் கட்டியவர்கள் இருக்கும் குடும்பத்தில் ஒரே ஆள் மரத்தில் இரண்டு இடத்தில் வருவார், அதைப் பிழை என்று நினைத்து ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

இனி பட்டாளத்துக்காரர். பட்டாளம் என்றால் துப்பாக்கி, எல்லை, சண்டை என்று வைத்துக்கொண்டு தேடுவது பெரிய தவறு. ரெண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவம் 25 லட்சத்தைத் தாண்டியது. அதில் லாரி ஓட்டியவர், பாலம் போட்டவர், ரோடு வெட்டியவர், சமைத்தவர், கட்டுப்போட்டவர் எல்லாரும் அடக்கம். அதேபோல், மெட்ராஸ்காரர் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் காலாட்படையின் நிரந்தர பட்டாலியன்களை 1920-களின் இறுதிக்குள் கலைத்துவிட்டார்கள், போர் வந்த பிறகுதான் மறுபடி எழுப்பினார்கள். 1930-களில் சேர்ந்தவர் என்றால் பெங்களூரை மையமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸையும் (பாலம், ரோடு போடும் பொறியியல் படை) சேர்த்துப் பாருங்கள். குடும்பத்தில் 'கேப்டன்' என்று சொல்வார்கள், பேப்பரில் நாயக் என்றோ ஹவில்தார் என்றோ அதைவிடக் கீழ்ப்பதவிதான் இருக்கும். அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடாது, ஆனால் கேப்டன் என்று தேடினால் ஆள் அகப்பட மாட்டார்.

டிரங்குப் பெட்டியில் மெடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் துலக்காதீர்கள்! ரெண்டாம் உலகப்போர் மெடல்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள், இந்திய வீரர்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். வட்ட மெடலின் விளிம்பிலும் நட்சத்திர வடிவத்தின் பின்பக்கத்திலும் ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் என்று ஊசி எழுத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு நட்சத்திரம் இருந்தது, குத்துவிளக்கோடு சேர்த்து வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் எண்ணில் இரண்டு இலக்கமும் பெயரில் வால் பகுதியும்தான் மிச்சம். பளபளவென்று இருக்கிறது, பிரயோஜனம் இல்லை. எந்த மெடல் என்பதும் முக்கியம்: பர்மா ஸ்டார் என்றால் பர்மா போர்முனை, ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் வட ஆப்பிரிக்கப் பக்கம். இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் என்றால் அவர் இந்த மண்ணிலேயே இருந்திருக்கலாம், பர்மா கதை வேறு யாருடையதோ.

அந்த எண் இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். லண்டனுக்கு எழுதினால் எல்லாம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி அதிகாரிகள் பற்றியது, சிப்பாயின் பணிப்பதிவைத் தேடவேண்டிய இடம் அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். எண் இல்லாமல் 'முத்தையா, மெட்ராஸ்' என்று எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். பாட்டி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உலகப்போர் வீரரின் விதவை என்று உதவித்தொகை வாங்கியவர் என்றால், அந்த அட்டையிலோ மனுவிலோ எண் இருக்க வாய்ப்புண்டு. பென்ஷன் வரவில்லை என்பதால் ராணுவத்திலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. போருக்காகச் சேர்ந்து, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பென்ஷன் அளவுக்கு சர்வீஸ் இருந்திருக்காது.

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இலவசம். ஆனால் அது இறந்தவர்களுக்கு மட்டுமான பட்டியல். உயிரோடு திரும்பி 1970-ல் திண்ணையில் இறந்தவரை அதில் தேடிவிட்டு "ராணுவத்துக்குப் போனதே பொய்" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி: குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் பழனியாண்டி 'புல்னியாண்டி' ஆகியிருப்பார். கல்லறை எங்கே என்று கேட்காதீர்கள், பலருக்குக் கல்லறையே கிடையாது. ரங்கூனுக்கு வெளியே தௌக்கியானில் உள்ள நினைவுத்தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கு மேல். அங்கே தேடவேண்டியது பெயரைத்தான். வீட்டில் திதி கொடுக்கும் நாளை வைத்து இறந்த தேதியைக் கணக்குப் போடுவதும் ஆபத்து. காணாமல் போனவருக்குத் தந்தி வந்த நாளையோ, நாள் தெரியாததால் ஏதோ ஒரு அமாவாசையையோ வைத்திருப்பார்கள்.

ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) இருந்தார் என்ற பேச்சு வந்தால் உடனே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்திய சிப்பாயும் அதில் சேர்ந்தார், மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழரும் சேர்ந்தார். முதலாமவருக்குப் பழைய ராணுவ எண் ஒன்று இருக்கும், இரண்டாமவருக்கு இருக்காது. தோட்டத்திலிருந்து ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு இழுத்துப்போனவரையும் வீட்டில் "போருக்குப் போனவர்" என்றே சொல்லியிருப்பார்கள், அவரைச் சிப்பாய்ப் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் இருக்கமாட்டார்.

ஊர்ப் பெயரைத் தேடும்போது இன்றைய மாவட்டத்தை மறந்துவிடுங்கள். நாமக்கல்காரர் சேலத்தில் இருப்பார், சிவகங்கைக்காரர் ராமநாதபுரத்தில், திண்டுக்கல்காரர் மதுரையில். நாகர்கோவில் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம், அவர்களுக்குத் தனிப் படையே இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். ஆண்வழியை மட்டும் எழுதி, பெண்கள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மனைவி' என்று மட்டும் போட்ட வம்சாவளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். கல்லறை ஆணையத்தின் பல இந்தியப் பதிவுகளில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்று இருக்கும். ஒரே பெயர், ஒரே அப்பா பெயர், பக்கத்துப் பக்கத்து ஊர் என்று இரண்டு பேர் நிற்கும்போது பிரித்துக்காட்டுவது மனைவி பெயர்தான். முத்தையாவைத் தேடியவரிடம் கொள்ளுப்பாட்டி பெயர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. மூன்று நாள் கழித்து அந்த அத்தையிடமே கேட்டுவந்து சொன்னார், பதினைந்து முத்தையாக்களில் பாதிப்பேர் அன்றைக்கே கழிந்தார்கள்.