நேபாளத்தில் குழந்தைகளுக்காகத் தொண்டாற்றப் புறப்படுமுன்

நேபாளத்தில் வறிய குழந்தைகளுக்காகச் சில வாரங்களோ மாதங்களோ உழைக்க எண்ணுவோர், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் எத்தகைய இடத்தில் உழைப்பது என்பதை முடிவுசெய்ய வேண்டும். ஆதரவற்றோர் இல்லங்களை அறவே தவிர்த்துவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களின் பெற்றோரிடம் பிள்ளைகளைப் படிக்கவைப்பதாக வாக்களித்துப் பணமும் பெற்றுக்கொண்ட தரகர்கள், அப்பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்து அநாதைகள் என்று காட்டினர். போர் முடிந்த பின்னும் வெளிநாட்டார் தரும் நன்கொடையும் தொண்டுக் கட்டணமும் அந்தத் தொழிலை வளர்த்தன. இல்லங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்கரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் கூடும் பகுதிகளிலேயே இருக்கின்றன. அங்கு வளரும் குழந்தைகளில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, குழந்தைக் கடத்தலுக்கு அஞ்சி, புதிய இல்லங்களைப் பதிவுசெய்வதையே அந்நாட்டு அரசு நிறுத்திவைத்தது.

எனவே, குழந்தைகளைக் குடும்பத்தோடு வாழவிட்டு அவர்களுடைய கல்விக்கோ உடல்நலத்துக்கோ உதவும் அமைப்பைத் தேடுங்கள். அரசின் உதவி பெறும் சமுதாயப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குத் துணைநிற்பது, நூலகம் ஒழுங்குசெய்வது, கணக்கு எழுதுவது போன்ற பணிகள் பகட்டில்லாதவை; ஆனால் நீங்கள் திரும்பிய பிறகும் பயன் தருபவை. அமைப்புக்கு எழுதும்போது, அது தொண்டு நிறுவனங்களை மேற்பார்க்கும் அரசு அமைப்பான சமூக நல மன்றத்தில் (Social Welfare Council) இணைந்துள்ளதா, குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் வைத்திருக்கிறதா, நீங்கள் கட்டும் தொகை எதற்குச் செலவாகிறது, உங்களுக்குத் தரும் வேலையை உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்க முடியாதா என்று தயங்காமல் கேளுங்கள். நேர்காணலும் காவல்துறைச் சான்றும் இல்லாமல், பணம் கட்டினால் உடனே வரலாம் என்று எந்த அமைப்பு சொன்னாலும் அதை விட்டு விலகுவதே நல்லது.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. பிற நாட்டுத் தமிழர்கள் கவனிக்க வேண்டியது, சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத பணியும் செய்யக்கூடாது என்பதாகும். ஆகவே உரிய அனுமதியை அமைப்பு எப்படிப் பெற்றுத்தரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். பள்ளியாண்டு ஏப்ரல் நடுவில், வைசாக மாதத்தில் தொடங்குகிறது. நம் நவராத்திரி, தீபாவளிக் காலத்தில் வரும் தசைன், திகார் பண்டிகைகளை ஒட்டிப் பள்ளிகள் நெடுநாள் மூடியிருக்கும் என்பதால், அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்தே பயணத் தேதியைக் குறியுங்கள்.

புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பாவது மருத்துவரைச் சந்தித்து, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றியும், தெருநாய்கள் மிகுந்த ஊர்களில் தங்குவதால் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றியும் கேட்டறியுங்கள். மலைப் பகுதிக்குச் செல்வோர் மருத்துவக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நேபாளி தேவநாகரியில் எழுதப்படுவதால், இந்தி எழுத்து தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது; மற்றவர்கள் பேச்சுக்கு வேண்டிய வாக்கியங்களையாவது பழகிக்கொள்ளுங்கள். எனினும் தராய்ச் சமவெளியில் மைதிலியோ போஜ்புரியோ, மலைக் கிராமங்களில் தமாங் போன்ற மொழிகளோ குழந்தைகளின் தாய்மொழியாக இருக்கலாம். அவ்விடங்களில் நேபாளியும் அவர்களுக்குப் பள்ளியில் கற்ற மொழியே.

குழந்தையுடன் தனியறையில் இருக்காதீர்கள். பெற்றோரின் சம்மதமின்றிப் படம் எடுத்துச் சமூக ஊடகங்களில் இடாதீர்கள். பரிசுப் பொருள்களைக் குழந்தைகளிடம் நேரே கொடுக்காமல், பள்ளிக்குத் தேவையானதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, இயன்றவரை அங்குள்ள கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். மீண்டும் வருவேன் என்று உறுதியாகத் தெரியாமல் எந்தக் குழந்தைக்கும் சொல்லாதீர்கள். கிளம்பும் தேதியை முதல் வாரத்திலேயே வகுப்பில் தெரிவித்து, நீங்கள் தயாரித்த பாடக்குறிப்புகளைக் கடைசி வாரத்தில் வகுப்பாசிரியருடன் அமர்ந்து ஒப்படையுங்கள்.