தினமும் பட்டைத்தூள் எடுக்கப் போகிறீர்களா? முதலில் எந்தப் பட்டை என்று பாருங்கள்

சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் பட்டைத்தூளைக் கலக்கிக் குடிப்பவர்கள் நிறையப் பேர். தொடங்குவதற்கு முன் இந்தப் படிகளைப் பாருங்கள்.

படி 1: பட்டையை அடையாளம் காணுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. ஒரு துண்டை எடுத்து அதன் முனையைப் பாருங்கள். காகிதம் போல மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்கினால் அது இலங்கைப் பட்டை. நிறம் வெளிர் பழுப்பு, வாசனை மென்மை. ஒரே தடித்த தோலாக, கரும்பழுப்பு நிறத்தில், உடைக்கவே சிரமமாக இருந்தால் அது காசியா என்ற இன்னொரு வகைப் பட்டை.

காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. பொடியாகிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் முழுப் பட்டையாக வாங்கி வீட்டிலேயே பொடிப்பதுதான் நல்லது.

படி 2: அளவு

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரை ஏற்கலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. காசியா என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 2 கிராம் தூள். தலைதட்டிய ஒரு டீஸ்பூனே இதைத் தாண்டிவிடும்! குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. எப்போதாவது சமையலில் சேர்ப்பதற்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

படி 3: எடுக்கும் விதம்

அரை டீஸ்பூனுக்கும் குறைவாக, பாலிலோ தேநீரிலோ கலந்து குடியுங்கள். தூள் கரையாது, அடியில் வழவழப்பாகத் தங்கும், அது இயல்புதான். வெறும் தூளை மட்டும் வாயில் போடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

படி 4: என்ன எதிர்பார்க்கலாம்?

2003இல் பாகிஸ்தானில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 60 பேரிடம் நடந்த ஆய்வில், 40 நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே குறைந்தது. பட்டையின் புகழுக்கு அது ஒரு பெரிய காரணம். அப்புறம் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. சிலவற்றில் மாற்றமே தெரியவில்லை. கொஞ்சம் உதவலாம், ஆனால் மாத்திரையின் இடத்தைப் பட்டை பிடிக்காது.

படி 5: யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும்தான்; இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.