சரியாத மரக்கேட்: கோத்தகிரித் தோட்டத்துக்குச் செய்த முறை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு நான் முதலில் செய்த மரக்கேட், ஐப்பசி மழை முடிவதற்குள் தாழ்ப்பாள் பக்கம் ஓர் அங்குலம் இறங்கி, வாசற்படிக் கல்லில் உரசத் தொடங்கியது. மரம் நல்ல மரம்தான். சட்டகத்துக்குள் மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் சாய்வுச் சட்டத்தைத் திசைமாற்றி வைத்ததே பிழை. அடுத்ததாகச் செய்த கேட் இரண்டு மழைக்காலங்களைக் கடந்தும் சீராகத் திறந்து மூடுவதால், அதன் செய்முறையை எழுதுகிறேன்.

மலையில் எளிதாகக் கிடைப்பது தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கப்படும் சில்வர் ஓக். வீட்டுக்குள் அலமாரிக்கு அது போதும். மழையில் நிற்கும் கேட்டுக்கு வேண்டாம், விரைவில் உளுத்துவிடும். யூகலிப்டஸ் காயும்போது முறுக்கிக்கொள்ளும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது விலைக்கு வரும் தேக்குச் சட்டங்களையே நான் தேடி வாங்குகிறேன். அவற்றை இழைக்கும் முன் ஒரு காந்தத்தால் தடவிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளியின் அலகு பாழாகிவிடும். சொந்த நிலத்து மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு முன் அனுமதி தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் கல்தூண்களுக்கு இடையே 42 அங்குலம். கீல் பக்கம் கால் அங்குலமும் தாழ்ப்பாள் பக்கம் அரை அங்குலமும் விட்டு, கேட்டின் அகலத்தை 41¼ அங்குலமாக வைத்தேன். மரம் நன்கு உலர்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செய்தால் இந்த இடைவெளியைக் குறைக்காதீர்கள்; மழை தொடங்கியதும் மரம் ஊதும். சட்டகத்துக்கு 3 அங்குல அகலமும் 1½ அங்குலத் தடிப்பும் உள்ள சட்டங்கள் நான்கு போதும். உயரம் 40 அங்குலம். மூலைகளில் கழுந்தும் (ஒரு சட்டத்தின் முனையில் விடும் நாக்கு) அது நுழையும் துளையும் வெட்டி, நீரில் கரையாத பசை தடவி, மூங்கில் ஆணி அடித்து இறுக்குங்கள். பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் ஒரே அளவாக வரும்வரை சட்டகத்தைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும்.

இனி, என்னைத் தடுக்கிவிட்ட படி. சாய்வுச் சட்டம் கீழ்க்கீல் இருக்கும் மூலையிலிருந்து புறப்பட்டு, தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்கு ஏற வேண்டும். தாழ்ப்பாள் பக்கம் எப்போதும் கீழே இறங்கவே பார்க்கும். அந்த எடையைச் சாய்வுச் சட்டம் முட்டுக்கொடுத்துத் தாங்கி, கீழ்க்கீல் வழியாகத் தூணுக்கு அனுப்பிவிடும். நான் முதலில் வைத்ததுபோல் மேல்கீலிலிருந்து கீழே இறக்கினால், அதே சட்டம் இழுபட்டு, திருகாணிகள் மட்டுமே எடையைச் சுமக்கும். மரம் முட்டுக்கொடுக்கும்போது காட்டும் வலிமையை இழுபடும் மூட்டிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

கோணத்தைக் கணக்கிட்டு வெட்ட வேண்டாம். சாய்வுச் சட்டத்தைத் தரையில் வைத்து, சட்டகத்தை அதன்மேல் சரியாகக் கிடத்தி, உள்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவு விட்டு வெட்டி, பிறகு இழைப்புளியால் சிறிது சிறிதாகக் குறையுங்கள். இரண்டு முனைகளும் மூலைக்குள் முழுமையாக அமர வேண்டும். நான் ஒரு தாளைச் செருகிப் பார்த்து, அது நுழைய முடியாத நிலை வரும்வரை இழைத்தேன். இந்த வேலைக்கு மின்ரம்பத்தைவிடக் கைரம்பமே எனக்குப் பிடிக்கும், கோடு கண்ணை விட்டு மறைவதில்லை.

முகப்புக்கு 3 அங்குல அகலத்தில் ஒன்பது பலகைகள். நடுவே 1¾ அங்குல இடைவெளி வரும்; அந்த அளவில் ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை. முதலில் துளையிட்டு, பிறகு துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை முடுக்குங்கள். சாதாரண இரும்பு நனைந்தால் தேக்கில் கருங்கறை படரும்.

மேல்வளைவுக்கு, பலகைகளை நீளமாகவே பொருத்திவிட்டு, இரு ஓரங்களில் 42 அங்குல உயரத்திலும் நடுவில் 48 அங்குல உயரத்திலும் மூன்று ஆணிகள் அடித்து, மெல்லிய மூங்கில் பட்டை ஒன்றை அவற்றின்மேல் வளைத்துக் கோடு வரைந்தேன். மூங்கில் தானாக எடுக்கும் வளைவில் உடைசல் இராது. வளைவாக அறுக்க உதவும் சிறிய மின்ரம்பமான ஜிக்சாவால் அறுத்தபின், பலகைகளின் உச்சியைப் பின்பக்கம் சற்றுச் சரிவாக இழைத்தால் மழைநீர் தேங்காது.

மேல்கீல்தான் வெளியே இழுபடும். அதற்கு நீண்ட பட்டை உள்ள கீலும் நீண்ட திருகாணிகளும் போடுங்கள். கல்தூணில் துளையிட்டு உள்ளே இறுக்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். சரிவான நிலத்தில் கேட் பள்ளத்துப் பக்கமாகத் திறக்கட்டும், மேட்டுப் பக்கம் திறந்தால் அடிப்பகுதி மண்ணில் முட்டும்.

ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசினேன். ரம்பம் அறுத்த முனைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; அங்கு நிறையப் பூசுங்கள், மழை நுழைவதும் அங்குதான்.

பின்சேர்க்கை: இதைப் படித்த நண்பர் ஒருவர் எண்ணெய்த் துணிகளை என்ன செய்வது என்று கேட்டார். முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். ஒவ்வொன்றையும் விரித்து, வெளியே கொடியில் தனித்தனியாகக் காயப்போடுங்கள்.