உங்கள் டிரம் கோர் கோடைகளை எழுதி வைப்பது எப்படி

டிரம் கோரில், அதாவது மைதானத்தில் வாத்தியம் வாசித்தபடியே அணிவகுத்துப் போட்டியிடும் இளைஞர் குழுவில், மார்ச் பண்ணிய யாரிடமாவது அந்த நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் சொன்னா புரியாது" என்றுதான் முதலில் பதில் வரும். எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. புரியும்படி சொல்லலாம், எழுதியும் வைக்கலாம், ஆனால் உணர்ச்சியிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. "நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்", "என் வாழ்க்கையே மாறிடுச்சு" என்று தொடங்கினால் பத்து வரியில் விஷயம் தீர்ந்துவிடும், அந்தப் பத்து வரியை எந்தக் கோரில் இருந்த யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மைதானத்தில் எந்த இடத்தில் நின்றீர்கள், அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தீர்கள், அப்போது கை என்ன அடித்துக்கொண்டிருந்தது, இதிலிருந்து ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

மார்ச் பண்ணியது நீங்கள் இல்லை, அண்ணனோ அத்தையோ, அவர்களிடம் கேட்டு எழுதப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். பித்தளை வாத்தியம், டிரம், கொடியும் மர ரைஃபிளும் வீசிப் பிடிக்கும் கலர் கார்டு, இந்த மூன்றும் சேர்ந்த இளைஞர் குழுதான் கோர். கோடை முழுக்க அமெரிக்காவில் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஒரே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப மெருகேற்றி 100-க்கு மதிப்பெண் வாங்குவார்கள். முன்பு இந்தப் போட்டிகளை அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் நடத்தின. 1971-ல் கோர்களே சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை உருவாக்கின, சுருக்கமாக டி.சி.ஐ. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது, அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தார்கள். பொதுவாக 21 வயதோடு மார்ச் பண்ணும் காலம் முடிந்துவிடும், அதைத்தான் ஏஜ் அவுட் என்பார்கள்.

சரி, முதல் வேலை ஆண்டுகளை உறுதி செய்வது. மூன்று நான்கு கோடைகள் மார்ச் பண்ணியவர்களுக்கு எல்லாம் ஒரே கோடையாகக் கலந்துபோயிருக்கும். ஒரு தாளில் ஆண்டு, அந்த ஆண்டின் நிகழ்ச்சியில் வாசித்த பாடல்கள், ஃபைனல்ஸ் நடந்த ஊர், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். 1981, 82-ல் கனடாவின் மான்ட்ரியல், 1985 முதல் 87 வரை மேடிசன், அடுத்த இரண்டு ஆண்டும் கான்சஸ் சிட்டி, 2009-லிருந்து இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். ஊர் ஞாபகம் வந்தால் ஆண்டு வந்துவிடும். பழைய மதிப்பெண்களும் இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன, ஆனால் அவற்றை இந்தக் கட்டத்தில் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எண்ணைப் பார்த்ததும் மனசு அந்தச் சீசனையே "ஜெயித்தோம், தோற்றோம்" என்று பிரித்துவிடும், அப்புறம் மற்ற எதுவும் வெளியே வராது.

தேதி இல்லாத போட்டோ கையில் இருந்தால் அதில் உள்ள வாத்தியங்களைப் பாருங்கள், விதிகள் மாறிய வரிசை உங்களுக்கு உதவும். கோர்கள் வாசித்த ஜி சுருதி பியூகல் என்ற பித்தளை வாத்தியத்துக்கு விரலால் அழுத்தும் இரண்டு வால்வு 1977-ல்தான் வந்தது, மூன்றாவது வால்வு 1990-ல். 2000-லிருந்து வேறு சுருதியில் உள்ள பித்தளை வாத்தியங்களும் வந்துவிட்டன. முன்வரிசையில் ஸைலஃபோனுக்கு முன்னால் மைக் தெரிந்தால் அது 2004-க்கு முந்தையது இல்லை, சிந்தசைஸர் இருந்தால் 2009-க்கு முந்தையது இல்லை. டிம்பனி என்ற பெரிய கிண்ண டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நடந்துகொண்டிருந்தால், அந்தக் கனமான வாத்தியங்களைத் தரையில் நிறுத்தி வாசிக்க அனுமதி வருவதற்கு முந்தைய காலமாக இருக்க வேண்டும், அதாவது 1980களின் தொடக்கம் அல்லது அதற்கு முன். பதிவில் ஸ்நேர் டிரம்மின் சத்தம்கூட காலம் சொல்லும். 1980களின் பின்பாதியில் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைத் தோல்கள் வந்த பிறகு அந்தச் சத்தம் வறண்டு, கூர்மையாக, அடித்த கணமே நின்றுவிடும்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். டேப் எடுத்துத் தரையில் 22.5 அங்குலம் அளந்து இரண்டு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஐந்து யார்டுக்கு எட்டு ஸ்டெப், நீங்கள் ஆயிரக்கணக்கான முறை எடுத்து வைத்த அதே ஸ்டெப்தான். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120-ல் போட்டு முதலில் மார்க் டைம், அதாவது நின்ற இடத்திலேயே கால் மாற்றுவது, அப்புறம் எட்டு எண்ணிக்கை முன்னால், எட்டு பின்னால். டிரம்காரர் என்றால் ப்ராக்டிஸ் பேடும் குச்சியும் வேண்டும், குச்சி இல்லாவிட்டால் இரண்டு பென்சில் போதும். பித்தளை வாசித்தவர்கள் கையை வாத்தியம் பிடிக்கும் உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டாலே போதும், தோள் வலிக்க ஆரம்பிக்கும்போது ஞாபகமும் வர ஆரம்பிக்கும். நான் ஸ்நேர் அடித்தவன். பேடில் வெறும் எட்டுகளை, வலது கை எட்டு, இடது கை எட்டு என்று அடிக்க ஆரம்பித்தால் குச்சியின் உயரம் தானாகச் சரியாகிவிடுகிறது, பக்கத்தில் நின்றவனின் முழங்கை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுவரை தெரிகிறது. உட்கார்ந்து யோசித்தபோது இதில் எதுவும் எனக்கு வந்ததில்லை. பக்கத்திலேயே போனை ரெக்கார்டிங்கில் வைத்து, அடித்துக்கொண்டே வாயால் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பேனா எடுக்கப் போனால் விட்டுப்போகும்.

டாட் புத்தகம் பத்திரமாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கயிற்றில் கட்டிக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டிருப்பீர்களே, அந்தச் சின்ன நோட்டு. ஒவ்வொரு செட்டுக்கும் (மைதானத்தில் அமைக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும்) உங்கள் இடம், அதாவது டாட், அதில் இருக்கும்: "சைடு 1, 40-க்கு வெளியே 2 ஸ்டெப், முன் ஹாஷுக்கு முன்னால் 4 ஸ்டெப்". சைடு 1 மைதானத்தின் ஒரு பாதி, 40 யார்டு கோடு, ஹாஷ் மைதானத்தில் வரைந்த குறி வரிசை. மழையில் மை பரவி, வியர்வையில் ஓரம் சுருண்டு, திருத்தத்துக்கு மேல் திருத்தமாக இருக்கும், அந்தத் திருத்தங்கள்தான் முக்கியம். ஜூனில் எழுதிய இடத்தை அடித்துவிட்டு ஜூலையில் வேறு எழுதியிருந்தால், அந்த வாரம் நிகழ்ச்சியில் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது, யார் மாற்றச் சொன்னார்கள், வெயிலில் எத்தனை முறை அந்த ஒரு செட்டையே திரும்பச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து.

அதிகம் பேர் யோசிக்காத ஒரு மூலம் ஜட்ஜ் டேப். கேசட் காலத்தில் நிகழ்ச்சி ஓடும்போதே நடுவர்கள் தங்கள் கருத்தைக் கேசட்டில் பேசிப் பதிவு செய்து கோருக்குக் கொடுப்பார்கள். மைதானத்துக்குள் இறங்கி நடந்த தாள நடுவரின் டேப் என்றால் கேட்கவே வேண்டாம், அவர் ஸ்நேர் வரிசைக்குப் பின்னால் மூச்சிரைக்க நடப்பதும், "இரண்டாவது ஆள், ஃப்ளாம் விரிகிறது" (ஃப்ளாம் என்பது இரண்டு கையும் ஏறக்குறைய சேர்ந்து விழும் அடி) என்கிற மாதிரி முணுமுணுப்பதும், அதற்கு நடுவே உங்கள் டிரம்மின் சத்தம் மிகப் பக்கத்திலிருந்தும் கேட்கும். கூட்டத்தின் பக்கமிருந்து எடுத்த எந்த ரெக்கார்டும் அதற்கு ஈடாகாது. உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களைத் தேடிப் பிடித்து, பழைய பெட்டியில் கேசட் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் முதல் வேலையாக டிஜிட்டலுக்கு மாற்றுங்கள், கேசட் நாடா காத்திருக்காது. 1984-க்கு முன் மார்ச் பண்ணியவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது டிக். அப்போது ஒவ்வொரு பிழைக்கும் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு குறைப்பார்கள், அந்தப் பயத்தில் மார்ச் பண்ணிய தலைமுறையின் உடம்பே வேறு மாதிரி இறுக்கமாக இருந்தது என்று அவர்கள் பேசும்போதே புரியும்.

எழுத உட்காரும்போது ஃபைனல்ஸ் இரவை முதலில் எழுதாதீர்கள். அதை ஏற்கெனவே நிறைய முறை சொல்லிச் சொல்லி மழுங்கடித்திருப்பீர்கள். எந்தப் போட்டியும் இல்லாத ஒரு சாதாரண ஜூலை நாளை எழுதுங்கள். விடியாத நேரத்தில் பஸ் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்கிறது, ஷூவோடு அரைத்தூக்கத்தில் இறங்கி ஜிம் தரையில் காற்று மெத்தையை ஊதுகிறீர்கள், மூன்று நான்கு மணி நேரத்தில் விளக்கைப் போட்டு எழுப்பிவிடுகிறார்கள். சாப்பாட்டு டிரக் பக்கம் வரிசை. கையில் ஒரு காலன் தண்ணீர் ஜக், காதின் பின்புறம்வரை சன்ஸ்க்ரீன். காலையில் மார்ச்சிங் அடிப்படை, அப்புறம் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக, மாலையில் எல்லோரும் சேர்ந்து, கடைசியில் ஒரு முழு ஓட்டம். விரலில் டேப் சுற்றிய இடம் எது, அதைப் பிரித்தபோது தோல் எப்படி இருந்தது, சாக்ஸுக்கு மேலே கால் எவ்வளவு கறுத்தது, மூன்றாவது வாரத்தில் யூனிஃபார்ம் பை என்ன வாசம் அடித்தது, இதையெல்லாம் விடாதீர்கள். அந்த டிரக்கில் சமைத்தவர்கள், சீருடை தைத்தவர்கள், விடிய விடிய லாரி ஓட்டியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள், சம்பளம் இல்லாமல் செய்தவர்கள். அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள், அந்தக் கோடையில் நீங்கள் பார்க்காத பாதியை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் நினைவு மட்டும் போதாது. பேஸ் டிரம் வரிசையில் ஒரே தாள வரியை ஐந்து பேர் பிரித்து ஆளுக்கு ஓரிரு அடி அடிப்பார்களே, ஒரு கோடையின் நினைவும் அப்படித்தான் ஆட்களிடம் பிரிந்து கிடக்கிறது. வேறு பிரிவில் இருந்த இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள், ஒருவர் கலர் கார்டாக இருந்தால் ரொம்ப நல்லது, காற்றடித்த நாட்களை அவர்களைவிடச் சரியாக யாரும் சொல்ல மாட்டார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "முதல் பாட்டான ஓப்பனர் முடியும் இடத்தில் உன் வலது பக்கம் யார்?", "பஸ்ஸில் எந்த சீட்?", "எந்த செட்டில் எப்போதும் இடிபடுவாய்?" என்று கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

வலித்ததையும் எழுத வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டணம் கட்ட முடியாமல் அடுத்த ஆண்டு திரும்பி வராத நண்பன், முட்டி வீங்கி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த பெண், ஆடிஷனில் கழித்துவிடப்பட்டவர்கள், எல்லை மீறிக் கத்திய பயிற்சியாளர், இவர்கள் இல்லாத கோடை யாருக்கும் அமைந்ததில்லை. அவர்களை விட்டுவிட்டு இனிப்பாக மட்டும் எழுதினால், உங்களோடு மார்ச் பண்ணியவர் படிக்கும்போது இரண்டாவது பக்கத்திலேயே நம்பிக்கை போய்விடும். அடுத்தவரின் சொந்த விஷயம் என்றால் பெயரை எடுத்துவிடுங்கள் அல்லது அவரையே கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் எப்போதாவது செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஸ்டார் ஆஃப் இண்டியானா 1985-ல் போட்டிக்கு வந்து, 1991-ல் சாம்பியனாகி, 1993-க்குப் பிறகு கோராகப் போட்டிக்கு வரவே இல்லை. 1934-ல் தொடங்கிய கேடட்ஸ் 2024-ல் மூடிவிட்டது. கோர் மூடும்போது அலுவலக அலமாரியில் இருந்த டேப், செட்டுகளை வரைந்த டிரில் தாள், போட்டோ எல்லாம் எங்கே போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உங்களிடம் இருப்பதை ஸ்கேன் செய்து குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள், போட்டோவின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஆண்டும் ஆட்களின் பெயரும் எழுதுங்கள், பால்பாயின்ட் வேண்டாம், அது முன்பக்கம் அழுந்தித் தெரியும்.

ஏஜ் அவுட் ஆன கடைசி நிகழ்ச்சியை எல்லாவற்றுக்கும் கடைசியாக எழுதுங்கள், இப்போது மதிப்பெண்ணையும் எடுத்துப் பார்க்கலாம். அந்த இரவில் என்ன உணர்ந்தீர்கள் என்று தேட வேண்டியதில்லை, கடைசி செட்டில் உங்கள் டாட் எது, கைதட்டல் எந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது, மைதானத்தைவிட்டு வந்ததும் வாத்தியத்தை எங்கே இறக்கி வைத்தீர்கள், யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று வரிசையாகப் போங்கள். முடிந்ததும் ஓரத்தில் நிறைய இடம் விட்டு பிரிண்ட் எடுத்து, உங்கள் வரிசையில் நின்றவர்களுக்கு ஆகஸ்டுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஃபைனல்ஸுக்கு அந்த மாதம்தான் பழைய ஆட்கள் இண்டியானாபோலிஸில் கூடுவார்கள், திருத்தம் எழுதிய பிரதிகளை அங்கேயே கையோடு வாங்கிக்கொள்ளலாம்.