மதுரையிலிருந்து ஜெர்மனிக்கு: இடமாற்றச் செலவைப் பேசி வாங்கும் முறை

வெளிநாட்டு வேலைக்கான நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் ஆண்டுச் சம்பளத்தில்தான் நிற்கிறது. அதற்குச் சில வரிகள் கீழே "இடமாற்ற உதவி வழங்கப்படும்" என்று ஒற்றை வரி இருக்கும். அந்த வரியை நிறுவனத்தைக் கொண்டே விரித்து எழுத வைப்பது எப்படி என்பதே இந்தப் பதிவின் பொருள். நான் மென்பொருள் வேலைக்காக மதுரையிலிருந்து ஜெர்மனிக்குச் சென்றவன். ஆகவே எடுத்துக்காட்டுகள் அந்த நாட்டைச் சார்ந்தே இருக்கும். விசா படிவம் நிரப்புவது போன்றவற்றுக்கு வேறு பதிவுகள் நிறையவே உள்ளன.

படி 1: பேசும் நேரம்

எழுத்தில் நியமனக் கடிதம் வந்த பிறகும், நீங்கள் கையெழுத்திடுவதற்கு முன்பும் உள்ள சில நாட்களே உங்களுக்கு உரிய காலம். நேர்காணலின் நடுவில் செலவைப் பற்றிக் கேட்டால் அது அவசரமாகத் தோன்றும். கையெழுத்திட்ட பின் கேட்டால் அது சலுகையாகிவிடும். மதுரையின் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் வேலை செய்யும் நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றிருந்து, புதிய நிறுவனம் விரைவில் வரச் சொன்னால், மீதி நாட்களுக்காக நீங்கள் கட்ட வேண்டிய தொகையையும் இடமாற்றச் செலவின் கீழேயே கேட்கலாம்.

படி 2: செலவுகளை எழுதுதல்

ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து நான்கு பத்திகள் போடுங்கள்: என்ன செலவு, எவ்வளவு யூரோ, எந்தத் தேதியில் பணம் போக வேண்டும், முதலில் யார் கையிலிருந்து போகும். செலவுக் கணக்குக்கென்றே இருக்கும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அவற்றில் கடைசி இரண்டு பத்திகளுக்கு இடமே இராது. ரூபாய்க் கணக்கைக் கூகுள் காட்டும் மாற்று விகிதத்தில் போடாமல், உங்கள் வங்கி யூரோ விற்கும் விகிதத்தில் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிய தொகைகளில் நன்றாகத் தெரியும்.

பட்டியலில் வர வேண்டியவை: விசா கட்டணம் 75 யூரோவும் விசா மையத்தின் சேவைக் கட்டணமும், கைரேகை பதிவதற்காகச் சென்னை சென்று வரும் செலவு, திருமணச் சான்று முதலியவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, பயணச் சீட்டு, கூடுதல் சுமை, முதல் மாதத் தங்குமிடம், வீட்டு முன்பணம். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜெர்மனியில் என்ன மதிப்பு என்று காட்டும் அனாபின் தரவுத்தளத்தில் உங்கள் கல்லூரியும் பட்டமும் தெளிவாக இல்லையென்றால், பட்டத்தை மதிப்பிட்டுத் தரும் சான்றுக்கு 200 யூரோவுக்கு மேல் ஆகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாவை விரைவுபடுத்தும் நடைமுறை ஒன்றும் உண்டு. அதற்கு 411 யூரோ கட்டணம். உங்கள் சார்பில் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் நிறுவனம்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

படி 3: புறப்படும் ஊர் மதுரை என்று எழுத வைத்தல்

விசா சென்னையில் கிடைப்பதால், பயண ஏற்பாடு செய்பவர்கள் தாமாகவே சென்னையிலிருந்து சீட்டு எடுத்துவிடுவார்கள். அப்போது மதுரையிலிருந்து சென்னைக்கு நீங்கள் தனியாக விமானச் சீட்டு வாங்கினால், உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. பன்னாட்டுச் சீட்டில் 23 கிலோ பெட்டி ஒன்றோ இரண்டோ இருந்தாலும் அவனியாபுரம் விமான நிலையத்திலேயே கூடுதல் எடைக்குப் பணம் கேட்பார்கள். மதுரை முதல் ஜெர்மனி வரை ஒரே சீட்டாக எடுத்தால் பன்னாட்டு அளவே தொடக்கத்திலிருந்து பொருந்துவது வழக்கம். ஒரே சீட்டு அமையாவிட்டால், பாண்டியன் எக்ஸ்பிரஸில் பெட்டிகளோடு ஏறி, சென்னையில் ஓர் இரவு விடுதியில் தங்கும் செலவையாவது கேட்டு வாங்குங்கள்.

கப்பலில் பொருள் அனுப்பித் தருகிறோம் என்று நிறுவனம் சொன்னால், என் கருத்தில் அதை ஏற்க வேண்டியதில்லை. அந்தத் தொகையைக் கூடுதல் பெட்டிகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டு போகலாம், அங்கும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். கிரைண்டரை விட்டுவிடுவது முதுகுக்கு நல்லது.

படி 4: பணம் எப்போது வரும்?

பலரும் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். நானும் மனிதவளத் துறையுடன் அதிகமாகக் கடிதம் எழுதியது இதற்காகவே. "5,000 யூரோ வரை தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் ரசீதுகளைக் கொடுத்த பின், முதல் சம்பளத்தோடு சேர்த்துத் தருவார்கள் என்றால், ஜெர்மனியில் சம்பளம் பொதுவாக மாத இறுதியில் வருவதால், நீங்கள் சீட்டு வாங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் அது உங்கள் கைப்பணம். நம் ஊரில் அந்தக் கைப்பணம் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: வீட்டில் உள்ள நகை அடகுக் கடைக்கோ வங்கிக்கோ போகிறது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 3 லட்சம் வாங்கினால், மாதம் 3,000 ரூபாய் வட்டி. இந்த வட்டியை எந்த நிறுவனமும் ரசீதின் பேரில் திருப்பித் தருவதில்லை.

ஆகவே தொகையைக் கூட்டச் சொல்லிப் போராடுவதைவிட, ஒவ்வொரு செலவும் எந்த வழியில் தீர்க்கப்படும் என்பதைப் பேசுங்கள். வழிகள் மூன்று. விமானச் சீட்டையும் முதல் மாதத் தங்குமிடத்தையும் நிறுவனமே நேரடியாக வாங்கட்டும். விசா, மொழிபெயர்ப்பு போன்ற சிறு செலவுகளை நீங்கள் செய்து, மாதந்தோறும் ரசீது அனுப்பித் திரும்பப் பெறலாம்.

மூன்றாவது வழி, வீட்டு முன்பணத்துக்கு உரியது. ஜெர்மன் சட்டப்படி வீட்டு முன்பணம், தண்ணீர், வெப்பமூட்டல் போன்ற துணைச் செலவுகள் நீங்கலான மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது; அதையும் மூன்று சம மாதத் தவணைகளில் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. எனினும் வீடு கிடைப்பதே அரிதான பெருநகரங்களில், தவணை கேட்கும் புதியவருக்கு வீட்டுக்காரர் முன்னுரிமை தருவார் என்று எதிர்பார்க்க இயலாது. வாடகை 850 யூரோ என்றால் முன்பணம் 2,550 யூரோ வரை போகலாம். அது வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். எனவே அதைச் செலவாகக் கேட்காமல், வட்டியில்லாக் கடனாகக் கேட்டு, சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிலுவை 2,600 யூரோவைத் தாண்டாத நிறுவனக் கடனில், வட்டி கட்டாததால் உங்களுக்கு மிச்சமாகும் தொகையை வருமானமாகக் கருதி வரி போடுவதில்லை என்பதால் நிறுவனத்துக்கும் இது எளிது.

படி 5: வரிக்கு முன்பா, பின்பா?

வேலை காரணமாக இடம்பெயரும் செலவை ரசீதின் பேரில் நிறுவனம் திருப்பித் தந்தால், சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் அதற்கு வருமான வரி இல்லை. அதையே கைக்கு ஒட்டுமொத்தமாகத் தந்தால் அது சம்பளம். வரியும் சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் போக மீதிதான் கிடைக்கும். 5,000 மொத்தமாக என்பதைவிட 4,000 ரசீதின் பேரில் என்பது பெரும்பாலும் மேலானது. மொத்தத் தொகையே தருவோம் என்று நின்றால், "பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை" என்ற சொற்களைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: திருப்பிக் கட்டும் நிபந்தனை

இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வரக்கூடும். அதில் இரண்டு திருத்தம் கேளுங்கள்: பணிபுரிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும், நீங்களாக விலகினால் மட்டுமே அது பொருந்த வேண்டும். ஜெர்மனியில் ஆறு மாதம் வரையிலான தகுதிகாண் காலத்தில் இரண்டு வார முன்னறிவிப்போடு யாரையும் அனுப்பிவிடலாம் என்பதால், இரண்டாவது திருத்தத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

படி 7: எழுதும் கடிதம்

தொலைபேசியில் பேசினாலும் அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். வாட்ஸ்அப் செய்தியை நான் ஆவணமாகக் கொள்வதில்லை. கடிதத்தின் கருத்து இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"வேலையை மகிழ்ச்சியுடன் ஏற்க விரும்புகிறேன். நான் மதுரையிலிருந்து குடும்பத்துடன் இடம்பெயர்வதால், இணைப்பிலுள்ள செலவுப் பட்டியலை அனுப்பியுள்ளேன். பயணச் சீட்டுகளையும் முதல் மாதத் தங்குமிடத்தையும் நிறுவனமே நேரடியாக ஏற்பாடு செய்யுமாறும், வீட்டு முன்பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடனாக வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்க இயலுமா?"

பின்சேர்க்கை 1: நிறுவனம் பிடித்துத் தந்த தற்காலிக வீட்டில் முகவரிப் பதிவு செய்ய முடியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் தேவை. பதிவு செய்த பிறகுதான் வரி எண் அந்த முகவரிக்குத் தபாலில் வரும். தங்குமிடத்தை ஏற்பதற்கு முன் "இந்த முகவரியில் பதிவு செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: வளைகுடா நாடுகளுக்கு முகவர் வழியாகப் போகிறவர்கள் இதில் எது தமக்குப் பொருந்தும் என்று கேட்டிருந்தார்கள். அங்கே பேரத்துக்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மீதான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும். முகவரின் பதிவு எண் உண்மையானதா என்பதை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் தள்ளுபடி பேசிக்கொண்டிராமல் வேறு முகவரைத் தேடுங்கள்.

பின்சேர்க்கை 3: மனைவியும் குழந்தைகளும் பள்ளி ஆண்டு முடிந்த பின் வருவதாக இருந்தால், குடும்பத்துக்கான சீட்டும் விசா செலவும் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து 12 மாதம் வரை செல்லும் என்று ஒப்பந்த இணைப்பில் எழுத வையுங்கள். காலவரையறை இல்லாத இடங்களில், மூன்று மாதம் கழிந்தால் கணக்கை முடித்துவிடும் நிறுவனங்களும் உண்டு.